நாம் இருப்பது கலியிலா, துவாபரத்திலா, கும்ப யுகத்திலா?

கேள்வி: சங்கல்பத்தில் "கலியுகே ப்ரதமே பாதே" என்கிறோம். யோகானந்தரின் குருவான ஸ்ரீ யுக்தேஸ்வரர் வழியில் வருபவர்கள் கலி எப்போதோ முடிந்து, ஏறுமுகத் துவாபரம் நடக்கிறது என்கிறார்கள். மேல்நாட்டு ஜோதிடர்கள் கும்ப யுகம் பிறந்துவிட்டது என்கிறார்கள். எல்லாமே கிரகக் கணக்குதான் என்றால் எது சரி? மனித குலத்தின் ஆன்மிக வளர்ச்சியை இவற்றால் அளக்க முடியுமா?

பதில்: மூன்றும் மூன்று வெவ்வேறு அளவுகோல்கள். ஆனால் முதல் இரண்டும் ஒரே ஆணியில் மாட்டியவை. அந்த ஆணி கலி 3600, அதாவது கி.பி. 499. அது எப்படி அடிக்கப்பட்டது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆகவே பஞ்சாங்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 17-க்கும் 18-க்கும் இடைப்பட்ட நள்ளிரவு. இது சூரிய சித்தாந்தம் என்னும் பழைய வானியல் நூலின் கணக்கு, உஜ்ஜயினி நேரம். ஆரியபடரின் கணக்கில் 18-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, சூரிய உதயம். இன்றைய கலி ஆண்டு வேண்டுமென்றால், சித்திரை பிறந்த பிறகு ஆங்கில ஆண்டோடு 3101-ஐக் கூட்டுங்கள். அது கழிந்த ஆண்டு. 3102-ஐக் கூட்டினால் நடப்பு ஆண்டு. 2025 சித்திரையில் பிறந்த விசுவாவசுவுக்கு 5126 கழிந்து 5127 நடப்பு. ஒரு பஞ்சாங்கத்தில் 5126, இன்னொன்றில் 5127 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் சரியே. தையிலிருந்து பங்குனி வரை ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இங்கே அதிகம் நடக்கும் பிழை, கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவில் பூஜ்ய ஆண்டு இல்லை என்பதை மறப்பது. 3102-ஐயும் 2025-ஐயும் நேராகக் கூட்டி 5127 ஆண்டு கழிந்துவிட்டதாக எழுதுபவர்கள் அங்கேதான் ஓராண்டு வழுக்குகிறார்கள்.

நாள் கணக்கு இன்னும் உறுதியானது. கலி தொடங்கிய நாளிலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கைக்கு அகர்கணம் என்று பெயர். வானியலார் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண்ணிலிருந்து 5,88,465.5-ஐக் கழித்தால் அது கிடைக்கும். 2000 ஜனவரி 1 தொடங்கிய நள்ளிரவின் ஜூலியன் எண் 24,51,544.5. கழித்தால் 18,63,079. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. கலியின் முதல் நாள் வெள்ளி என்பதால் மீதி 0 என்றால் வெள்ளி, 1 என்றால் சனி. அன்று சனிக்கிழமையேதான். ஐயாயிரம் ஆண்டுகளைத் தாண்டி வந்தும் கிழமை தப்பவில்லை. கலிக் கணக்கின் உண்மையான பலம் இது: அறுபடாத நாள் எண்ணிக்கை. வரலாற்று ஆய்வாளருக்கு அது பெரிய உதவி. மதுரை யானைமலை நரசிங்கப் பெருமாள் குகைக் கோயில் கல்வெட்டு கலி 3871 என்று சொல்கிறது. 3101-ஐக் கழித்தால் கி.பி. 770. பாண்டியன் நெடுஞ்சடையனின் காலத்தை நிறுத்த இது ஓர் ஊன்றுகோல். இரண்டாம் புலகேசியின் ஐஹொளே கல்வெட்டு பாரதப் போரிலிருந்து 3735 ஆண்டுகள் என்றும், சக ஆண்டு 556 என்றும் இரண்டு கணக்கையும் தருகிறது. இரண்டுமே கி.பி. 634-இல் வந்து நிற்கின்றன.

இனி அந்த ஆணிக்கு வருவோம். ஆரியபடர் தம் நூலில், மூன்று யுகபாதங்களும் அறுபது அறுபதாண்டுகளும் கழிந்தபோது தமக்கு வயது 23 என்கிறார். 60 × 60 = 3600. கலி 3600 என்றால் கி.பி. 499. அவருக்கு மகாயுகம் (நான்கு யுகமும் சேர்ந்த காலம்) என்பது முதலில் ஒரு பொது மடங்கு. 43,20,000 ஆண்டுகளில் சனி 1,46,564 சுற்று, குரு 3,64,224, செவ்வாய் 22,96,824. எல்லாமே முழு எண், எல்லாமே நான்கால் மீதியின்றி வகுபடும். ஆகவே ஒவ்வொரு 10,80,000 ஆண்டுக்கும் மத்திம கிரகங்கள் (சராசரி வேகத்தில் கணித்த கிரக நிலைகள்) எல்லாம் மேஷத்தின் முதல் புள்ளியில் கூடியே ஆக வேண்டும். சூரிய சித்தாந்தத்தின் எண்கள் சற்று வேறு (சனி 1,46,568, குரு 3,64,220), ஆனால் அவையும் நான்கால் வகுபடும். கிருத யுக முடிவிலிருந்து கலித் தொடக்கம் வரை திரேதா 12,96,000, துவாபரம் 8,64,000, ஆக 21,60,000 ஆண்டு. அது 10,80,000-இன் இரு மடங்கு. அதனால்தான் கலித் தொடக்கத்தில் கிரகங்கள் கூடின என்று நூல்கள் சொல்கின்றன. கணக்கின் அமைப்பே அந்தக் கூட்டத்தைக் கொண்டுவருகிறது.

வானத்தில் உண்மையில் அப்படி இருந்ததா? இன்றைய சமன்பாடுகளை வைத்துப் பின்னோக்கிப் போனால், அந்த நாளில் கிரகங்கள் ஒரு புள்ளியில் இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட ராசிகளில் பரவியிருந்தன. 5-ஆம் நூற்றாண்டில் கண்ட கிரக நிலைகளை வைத்து, எல்லாம் நெருங்கி வரும் ஒரு பழைய தேதியைப் பின்னோக்கிக் கண்டுபிடித்தார்கள் என்பதே பெரும்பாலான வானியல் வரலாற்றாசிரியர்களின் முடிவு. இதைக் கேட்டு யாரும் வருந்தத் தேவையில்லை. மிகப் பெரிய எண்ணை எடுத்து, சிறு பிழையைக் கோடி நாட்களில் பரப்பி, ஒவ்வொரு கிரகத்தின் சராசரி வேகத்தையும் பின்னமே இல்லாமல் எழுதிய சாமர்த்தியம் அது. சூரிய சித்தாந்தம் மகாயுகத்துக்குத் தரும் 1,57,79,17,828 நாட்களை 43,20,000 ஆண்டுகளால் வகுத்தால் ஓர் ஆண்டு 365.25876 நாள். நட்சத்திர ஆண்டின் உண்மை அளவிலிருந்து மூன்றரை நிமிடம்கூட விலகவில்லை.

பாரதப் போரின் காலத்துக்கு மரபுக்குள்ளேயே வேறு கணக்கும் உண்டு. வராகமிகிரர் விருத்த கர்கரைப் பின்பற்றி, சக ஆண்டோடு 2526-ஐக் கூட்டினால் யுதிஷ்டிரர் காலம் என்கிறார். அது கி.மு. 2449. காஷ்மீர வரலாற்றை எழுதிய கல்ஹணரும் அதையே எடுத்துக்கொண்டு, கலி பிறந்து 653 ஆண்டுகளுக்குப் பிறகுதான் பாண்டவர் காலம் என்கிறார். "நம் முன்னோர் எல்லாரும் ஒரே தேதியைத்தான் சொன்னார்கள்" என்று மேடையில் யாராவது முழங்கினால் இதை நினைவில் வையுங்கள்.

யுகத்துக்கு ஆன்மிகப் பொருள் எங்கிருந்து வந்தது? அது தர்ம சாஸ்திரங்களிலும் புராணங்களிலும் இருந்து வந்தது. தர்மம் என்னும் எருது கிருதத்தில் நான்கு காலில் நிற்கிறது, கலியில் ஒரே காலில் நிற்கிறது. அதனால்தான் 4:3:2:1 என்ற விகிதம். ஆரியபடர் நான்கு பாதங்களையும் சமமாக, தலா 10,80,000 ஆண்டாக வைத்தார். ஸ்மிருதியை மீறிவிட்டார் என்று பிரம்மகுப்தர் 628-இல் அவரைக் கண்டித்தார். அதாவது வானியல் யுகமும் தர்ம யுகமும் ஒன்றல்ல என்ற இழுபறி அன்றே இருந்தது. "கலி முத்திப்போச்சு" என்று திண்ணையில் சொல்வது இரண்டாவது வகை. அதற்கு அகர்கணம் வேண்டியதில்லை.

அடுத்து யுக்தேஸ்வரர். 1894-இல் வெளிவந்த 'கைவல்ய தரிசனம்' நூலின் முன்னுரையில் அவர் தம் கணக்கை வைத்தார். மனு சொல்லும் 12,000 ஆண்டுகளை தேவ ஆண்டு என்று 360-ஆல் பெருக்கக் கூடாது, அவை மனித ஆண்டுகளே என்பது அடிப்படை. 4800, 3600, 2400, 1200 என்று 12,000 ஆண்டு இறங்குமுகம், பிறகு அதே வரிசை தலைகீழாக 12,000 ஆண்டு ஏறுமுகம், மொத்தம் 24,000. இறங்குமுகம் கி.மு. 11501-இல் தொடக்கம். சத்தியம் (கிருதம்) கி.மு. 6701 வரை, திரேதா 3101 வரை, துவாபரம் 701 வரை, கலி கி.பி. 499 வரை. அதுதான் அடிமட்டம். ஏறுமுகக் கலி 1699 வரை, துவாபரம் 4099 வரை, திரேதா 7699 வரை, சத்தியம் 12499 வரை. ஒவ்வொரு யுகத்திலும் முதலிலும் முடிவிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு சந்தி, அதாவது மாறும் காலம். துவாபரச் சந்தி 200 ஆண்டு என்பதால், முழுத் துவாபரம் 1899-இல் தொடங்குகிறது.

பஞ்சாங்கக்காரர்கள் எங்கே தவறினார்கள் என்பதற்கும் அவர் விளக்கம் வைத்திருக்கிறார். யுதிஷ்டிரர் பரீட்சித்திடம் நாட்டைக் கொடுத்துவிட்டு இமயம் சென்றபோது அறிஞர்களும் உடன் போய்விட்டார்கள். கலி பிறந்ததாக அறிவிக்க யாரும் துணியவில்லை. துவாபரம் 2400 முடிந்த பிறகும் 2401, 2402 என்று எண்ணிக்கொண்டே போனார்கள். கி.பி. 499-இல் எண் 3600 ஆயிற்று. பிற்காலத்தவர் அதைக் கலி 3600 என்று எடுத்துக்கொண்டு, 1200 ஆண்டுதான் கலி என்ற நூல் வாக்கோடு அது ஒட்டாததால் தேவ ஆண்டு என்று சமாளித்தார்கள். இதுவே அவர் வாதம். கவனியுங்கள், பஞ்சாங்கத்தின் எண்ணை அவர் மறுக்கவில்லை. 3600 = 499 என்பதை அப்படியே ஏற்று, அதன் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறார்.

இதனால்தான் 1899 பற்றி எச்சரிக்கை தேவை. ஆஸ்திரிய ஆன்மிகச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டெய்னரும் கலியுகம் 1899-இல் முடிந்தது என்றார். யுக்தேஸ்வரருக்கும் 1899 திருப்புமுனை. கீழ்த்திசையும் மேல்திசையும் தனித்தனியாகக் கண்டு ஒரே ஆண்டில் வந்து நின்றன என்று இதை அதிசயமாக எழுதுகிறார்கள். கூட்டிப் பாருங்கள். ஸ்டெய்னர் கலிக்கு 5000 ஆண்டு என்றார், 3101-ஐக் கழித்தால் 1899. யுக்தேஸ்வரர் 3600-க்கு மேல் ஏறுமுகக் கலி 1200, சந்தி 200 என்றார், அதுவும் 5000. இரண்டு சாட்சி போலத் தெரிந்தாலும் சாட்சி ஒன்றுதான், கலித் தொடக்கத் தேதி.

24,000 என்ற எண்ணும் அதே இடத்திலிருந்து வருகிறது. சூரிய சித்தாந்தம் அயன சலனத்தை, அதாவது சம இரவுப் புள்ளி (பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடம்) நட்சத்திரங்களிடையே நகர்வதை, ஆண்டுக்கு 54 விகலை (ஒரு பாகைக்கு 3600 விகலை) என்கிறது. முழு வட்டத்தை 54 விகலையால் வகுத்தால் சரியாக 24,000 ஆண்டு. ஆனால் சூரிய சித்தாந்தத்தில் அது முழுச் சுற்று அல்ல, ஊசலாட்டம்: 27 பாகை முன்னே போய், திரும்பி வந்து, 27 பாகை பின்னே போய்த் திரும்பும், மொத்தம் 7200 ஆண்டு. பூஜ்யம் கலி 3600-இல். அந்தக் கணக்கின்படி கலி 5400-இல், அதாவது கி.பி. 2299-இல், அயனாம்சம் (அப்படி நகர்ந்த மொத்த அளவு) 27 பாகையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். உண்மையில் அது திரும்பாது. யுக்தேஸ்வரர் ஊசலை விட்டுவிட்டுச் சுற்றை எடுத்துக்கொண்டார், அது சரியான திசை. வேகத்தை மட்டும் பழையதே வைத்தார். இன்று அளந்த வேகம் 50.29 விகலை, சுற்று சுமார் 25,772 ஆண்டு.

இந்தச் சலனத்துக்குக் காரணமாக, சூரியன் வேறொரு நட்சத்திரத்தைத் துணையாகக் கொண்டு சுற்றுகிறது என்றார். இங்கே நான் அவரோடு உடன்பட முடியவில்லை. பூமியின் நடுப்பகுதி புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பைச் சந்திரனும் சூரியனும் இழுப்பதால் பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுகிறது. இதை நியூட்டன் 1687-இலேயே விளக்கினார், இன்றைய அளவீடுகள் அதற்குள் பொருந்துகின்றன. துணை நட்சத்திரத்தைத் தேடியும் கிடைக்கவில்லை. அகச்சிவப்புத் தொலைநோக்கித் தரவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான முடிவின்படி, பூமி–சூரியன் தூரத்தைப் போல் 10,000 மடங்குக்குள் சனி அளவுள்ள எந்த வானப்பொருளும் இல்லை.

வரலாற்றோடு பொருத்துவதுதான் கேள்வியின் மையம். யுக்தேஸ்வரர் தம் கணக்குக்கு ஆதாரமாக கில்பர்ட்டின் காந்த ஆய்வு (1600), கெப்ளரின் விதிகள் (1609), சேவரியின் நீராவி எஞ்சின் (1700) போன்றவற்றைக் காட்டினார். முதலிரண்டும் 1699-க்கு முந்தியவை, கலியின் கடைசி நூறாண்டுச் சந்தி அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மின்சாரத்தையும் நுண்சக்திகளையும் மனிதர் உணரும் காலம் துவாபரம் என்ற கருத்துக்கு இந்தப் பட்டியல் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பட்டியலை மறுமுனையிலிருந்தும் படிக்க வேண்டும். மனித அறிவின் அடிமட்டம் என்று குறித்த அதே 499-ஐத்தான் 23 வயது ஆரியபடர் தம் நூலில் குறித்தார், பூமி தன் அச்சில் சுழல்கிறது என்று எழுதினார். புத்தரும் மகாவீரரும் இறங்குமுகக் கலியில் வருகிறார்கள். அப்பரும் சம்பந்தரும் நம்மாழ்வாரும் இராமானுஜரும் ஏறுமுகக் கலியில். தமிழில் ஆன்மிகம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களில் பெரும்பாலானவை, சுத்த இருள் என்று அந்த அட்டவணை சொல்லும் 2400 ஆண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. யுகம் அளப்பது பொதுமக்களின் பக்குவத்தை, மகான்களை அல்ல என்று அவர் வழியினர் பதில் சொல்வார்கள். நேர்மையான பதில்தான். ஆனால் திருநாவுக்கரசரின் பாட்டு ஊர் ஊராகப் பரவியது பொதுமக்களிடையேதான்.

கும்ப யுகம் வேறு கதை. சம இரவுப் புள்ளி ராசிகளில் பின்னோக்கி நகர்கிறது, ஒரு ராசியைக் கடக்கச் சுமார் 2148 ஆண்டு. அது எப்போது மீனத்தை விட்டுக் கும்பத்துக்குப் போகும் என்பது ராசியின் எல்லையை எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சர்வதேச வானியல் ஒன்றியம் 1930-இல் வெளியிட்ட நட்சத்திரக் கூட்ட எல்லைகளை எடுத்தால் கி.பி. 2600 வாக்கில். நமது சமமான 30 பாகை ராசிகளை எடுத்தால் அயனாம்சம் 30 பாகை ஆகும் நாள் அது. லாஹிரி அயனாம்சம் 2025-இல் 24 பாகை 13 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). மீதி 5 பாகை 47 கலை, விகலையில் 20,820. அதை 50.3-ஆல் வகுத்தால் 414 ஆண்டு, ஆக 2439 வாக்கில். யுக்தேஸ்வரரின் 54 விகலைப்படி 499-உடன் 2000-ஐக் கூட்டி 2499. ஸ்டெய்னருக்கு 3573. வானக் கணக்கு எதுவும் கும்ப யுகம் "பிறந்துவிட்டது" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் முதலில் தங்கள் அயனாம்சத்தைச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

வரலாற்றை நூற்றாண்டு அளவில் படிக்க உண்மையில் உழைத்தவர்கள் பாக்தாத் ஜோதிடர்கள். 762-இல் அந்த நகருக்கு முகூர்த்தம் குறித்தவர்களில் ஒருவரான மாஷா அல்லாவும், அவருக்குப் பின் அபூ மஷரும், குரு–சனி சேர்க்கையை அச்சாக வைத்து அரச வம்சங்களையும் மதங்களையும் கணித்தார்கள். மகாயுகச் சுற்றுகளிலிருந்தே இடைவெளியைப் பெறலாம்: 3,64,220-இல் 1,46,568-ஐக் கழித்தால் 2,17,652 சேர்க்கை, அதாவது 19.85 ஆண்டுக்கு ஒன்று. மூன்று சேர்க்கை ஏறத்தாழ அறுபதாண்டு, நமது பிரபவ முதல் அட்சய வரையிலான சுழற்சியின் உறவு இங்கே தெரியும்.

இந்த முறையிலும் பிழை நுழையும் வழி ராசி எல்லைதான். 2020 டிசம்பர் 21-இல் இரண்டும் 6 கலை நெருக்கத்தில் சேர்ந்தன. ராசிகளைச் சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணும் மேல்நாட்டு சாயன முறையில் அது கும்பம், காற்று ராசி, ஆகவே அறிவுப் புரட்சி என்றார்கள். திருக்கணிதத்தில் மகரம், நில ராசி, பலன் வேறு. வாக்கியப் பஞ்சாங்கத்தில் சனி மகரத்துக்குப் பெயர்ந்ததே டிசம்பர் 27, அதனால் அன்று சனி தனுசில், குரு மகரத்தில். மாலையில் மேற்கே பார்த்தவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டும் ஏட்டில் இரண்டு ராசியில் இருந்தன.

அடுத்த பிழை சலுகை கொடுப்பது. சேர்க்கைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டு தள்ளுபடி கொடுத்தால் ஒவ்வொரு இருபதிலும் ஐந்து ஆண்டு "பொருந்தும்" ஆண்டாகிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு நான்கு போர்களைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்று மாட்டும். முன்கூட்டிச் சொன்னவை எப்படிப் போயின என்று பாருங்கள். 1186 செப்டம்பரில் துலாமில் கிரகக் கூட்டம், பெருங்காற்று உலகை அழிக்கும் என்று ஐரோப்பா முழுதும் கடிதம் சுற்றியது. 1524 பிப்ரவரியில் மீனத்தில் கூட்டம், பிரளயம் என்றார்கள். 1962 பிப்ரவரியில் மகரத்தில் அஷ்டகிரகச் சேர்க்கை, நாடெங்கும் யாகம் நடந்தது. மூன்று முறையும் கூட்டம் சொன்னபடி நடந்தது, அழிவு வரவில்லை. கணிதம் பலித்தது, பலன் பலிக்கவில்லை.

ஆகவே ஒரு யுகக் கோட்பாட்டைச் சோதிக்க விரும்பினால், முதலில் அயனாம்சத்தையும் தொடக்க ஆண்டையும் தாளில் எழுதி வையுங்கள். பிறகு, வரலாற்றைத் திறக்கும் முன்பே, எந்த வகை நிகழ்வைத் தேடுகிறீர்கள், எத்தனை ஆண்டு தள்ளுபடி என்று குறியுங்கள். அதன் பின் பொருந்தியவற்றையும் பொருந்தாதவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஆன்மிக வளர்ச்சியை அளப்பதாகச் சொல்லும் எந்த அட்டவணையும் எனக்குத் தெரிந்து இந்த மூன்று படியையும் தாண்டவில்லை. யுக்தேஸ்வரரின் நூலை அதன் முன்னுரைக் கணக்குக்காக அல்ல, உள்ளே உள்ள சாதனை வழிக்காகப் படியுங்கள் என்பேன். நூலின் கனம் அங்கேதான் இருக்கிறது.

சங்கல்பத்தை மாற்ற வேண்டுமா என்று தயங்குபவர்களுக்கு: வேண்டாம். அது கால முகவரி. ஸ்வேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், 28-ஆவது சதுர்யுகத்தின் கலி, முதல் பாதம். ஒரு பாதம் 1,08,000 ஆண்டு, அதில் 5100 சொச்சம்தான் போயிருக்கிறது. இன்று தொடங்கும் பூஜையை இந்த நாள் எண்ணிக்கையில் ஓர் இடத்தில் நிறுத்துகிறது, அவ்வளவே. புது வருஷம் பிறக்கும்போது பெயரை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.